நெல்லை நாக்கும் மூன்று சிவப்பு ஒயினும்

பாளையங்கோட்டையில் டிசம்பர் மழை விட்ட ஒரு சாயங்காலம். ஊசிக் கோபுரம் தெரியும் மொட்டை மாடியில் ஐந்து நண்பர்கள், பேப்பர் சுற்றிய மூன்று பாட்டில்கள், ஒரு தட்டில் காரச்சேவு, இன்னொன்றில் அல்வா. பாட்டில்களில் ஒன்று நாசிக்கின் சிராஸ். இன்னொன்று நந்தி மலைப் பக்கத்துக் கபர்நே. மூன்றாவது, நண்பர் ஒருவரின் அத்தை கிறிஸ்மஸுக்கென்று ஊறப்போட்ட பன்னீர் திராட்சை ஒயின். எது எந்தப் பாட்டிலில் என்பது ஊற்றியவருக்கு மட்டும் தெரியும். கண்ணாடித் தம்ளர் இரண்டுதான் தேறியது; மற்றவர்களுக்கு எவர்சில்வர்.

"இதுல ஊத்துனா கலர் எப்படில தெரியும்?" என்று ஒருவர் முனகினார். தெரியாமல் போனதே நல்லதாயிற்று. நிறம் நாக்கை நன்றாக ஏமாற்றும். 2001-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்தோவில் ஒயின் படித்த 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களை எடுத்து அவர்கள் அதை வர்ணித்தார்கள். லேபிளும் லேசுப்பட்டதல்ல. 1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் பெயர்களை மறைத்து நடத்திய போட்டியில், கலிபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப் கபர்நேவை பிரெஞ்சு நடுவர்களே போர்தோவின் புகழ்பெற்ற மூத்தோன் ரோத்சில்டுக்கு மேலே தூக்கி வைத்தார்கள்.

மாடியில் முதல் சுற்று. ஒரு மடக்கு குடித்தவர் நாக்கைத் தட்டிப் பார்த்தார். "கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி இழுக்குதுல."

அவர் சொன்னது டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கி, எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து வாயை உலர வைப்பது. மேல்நாட்டார் இதைச் சுவைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தொடு உணர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நமக்கோ துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. அதிலும் நாவல்பழத் துவர்ப்பு வேறு, வாழைப்பூத் துவர்ப்பு வேறு, கடுக்காய்த் துவர்ப்பு வேறு என்று பிரிக்கத் தெரிந்த வாய் இது. ஒயின் புத்தகங்களில் வரும் பிளாக்கரண்ட் பழத்தைப் பாளை மார்க்கெட்டில் யார் கண்டார்கள்? அதைக் கண்டதுபோலத் தலையாட்டுவதைவிடப் பாக்கு என்பதே நேர்மை. இரண்டாவது தம்ளரை "நாவப்பழம், கொஞ்சம் மிளகு" என்றார் இன்னொருவர். அது சிராஸ். மிளகு வாசம் அந்தத் திராட்சையின் இயல்பு.

மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனதுமே ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். ரோஜா மணம், பின்னாலேயே கிராம்பு. பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் வகை. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இதிலும் உண்டு; பெயர் வைத்தவர் மூக்கு பொய்க்கவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தை அதைப் பிசைந்து, சீனி, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைத்துத் தினமும் கிளறியிருந்தார். ஈஸ்ட் தின்று தீர்க்காத சீனி அப்படியே தித்தித்தது. (1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இந்த ஜாடியை எப்படிப் பார்க்கும் என்று கேட்க அன்று யாருக்கும் மனம் வரவில்லை.)

கூத்து நடந்தது அடுத்த சுற்றில். ஆளுக்கொரு வாய் அல்வாவைப் போட்டுக்கொண்டு கபர்நேவைக் குடித்தார்கள். வாயில் இனிப்பு இருக்கும்போது இனிப்பில்லாத ஒயின் புளிப்பும் கசப்புமாக விகாரப்படும். "காடியால்ல இருக்கு!" காரச்சேவும் கைகொடுக்கவில்லை, மிளகாய் எரிச்சலை மது ஊதிவிட்டது. கீழேயிருந்து மட்டன் சுக்கா வந்த பிறகுதான் அதே கபர்நே வழிக்கு வந்தது. டானினுக்குப் பிடித்துக்கொள்ள இறைச்சியின் புரதம் கிடைத்ததும் நாக்கை விட்டுவிட்டது.

தாமிரபரணிக் கரைக்கு ஒயின் நேற்று வந்த சரக்கல்ல. அன்று அதன் முகத்துவாரத்தில் இருந்த கொற்கை பாண்டியர் துறைமுகம். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த தேறல் என்ற மதுவைப் பொற்கலத்தில் பெண்கள் ஏந்தித் தருகிறார்கள். அந்தத் தேறலுக்குப் புலவர் சொன்ன சிறப்பு இரண்டு: குளிர்ச்சி, மணம்.

குளிர்ச்சியில்தான் மாடிக் கூட்டம் கோட்டைவிட்டது. சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்கச் சொல்வது 16, 18 டிகிரியில் கிடந்த பழைய ஐரோப்பிய வீடுகளை மனதில் வைத்து. பாளையங்கோட்டையில் டிசம்பர் இரவே 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தச் சூட்டில் பழ மணத்தை முந்திக்கொண்டு சாராய நெடி மூக்கில் ஏறும். நெல்லையில் சிவப்பு ஒயின் ஊற்றப்போகிறவர்கள் பாட்டிலை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். அல்வாவை அத்தையின் ஒயினோடு சாப்பிடுங்கள்.