இரவல் மூச்சு

டொயோட்டா லாண்ட் குரூசர் 80 வரிசை வண்டியை ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் ஓட்டியவர்களுக்கு 1எச்.இசட் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையாக ஆறு சிலிண்டர்கள், 4.2 லிட்டர் கொள்ளளவு, டர்போ இல்லாத டீசல் எஞ்சின். 1990இல் அறிமுகமான இதற்குச் சாகாவரம் உண்டு என்று பண்ணைக்காரர்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி நம்பிக்கையாகவும் சொல்வார்கள். குறை என்றால் ஒன்றுதான்: இழுவை போதாது. சுமார் 96 கிலோவாட் ஆற்றலைக் கொண்டு இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட இரும்பை நகர்த்த வேண்டும். அதன் பின்னால் ஒரு காரவனையும் கட்டிவிட்டால், மேட்டில் ஏறும்போது பின்னால் சேரும் வண்டிகளின் வரிசையைக் கண்ணாடியில் பார்ப்பதற்கே மனத்திடம் வேண்டும்.

அடிலெய்டில் வசிக்கும் என்னிடம் இந்த வண்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. நான்கு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் ஒரு காரவனை இழுத்துக்கொண்டு டார்வின் வரை போய், அங்கிருந்து மேற்கே திரும்பி, கண்டத்தை ஒரு சுற்று சுற்றி வருவது என்று முடிவானபோது, இரண்டு வழிகள் எதிரே நின்றன. இதே எஞ்சினில் வெளிக்கடையில் வாங்கிய டர்போவைப் பூட்டுவது ஒன்று. இதை விற்றுவிட்டு, ஆலையிலேயே டர்போவுடன் பிறந்த 80 வரிசை வண்டி ஒன்றை வாங்குவது மற்றொன்று. நான்கு மாதங்கள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாவலை இத்தனை கவனத்துடன் அண்மையில் நான் வாசித்ததில்லை.

டர்போ என்பது எளிய கருத்து. எஞ்சினை விட்டு வெளியேறும் புகை வீணே காற்றில் கலக்கிறது. அதன் விசையில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். டீசல் எஞ்சினில் எவ்வளவு எண்ணெயை முழுமையாக எரிக்கலாம் என்பதை உள்ளே இருக்கும் காற்றுதான் தீர்மானிக்கிறது. காற்று கூடினால் எண்ணெயைக் கூட்டலாம், எண்ணெய் கூடினால் ஆற்றல் கூடும். கூடவே வெப்பமும் கூடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

டொயோட்டா நிறுவனம் இதே குடும்பத்தில் 1எச்.டி-டி என்றும், பின்னர் 1995இல் 1எச்.டி-எஃப்.டி என்றும் டர்போ எஞ்சின்களைச் செய்தது. மூன்றுக்கும் ஒரே 4164 சி.சி. கொள்ளளவு. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் வீச்சும்கூட ஒன்றே. ஆனால் டர்போவைக் கொண்டுவந்து மாட்டியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. 1எச்.இசட்டில் ஏறத்தாழ 22க்கு 1 என்றிருந்த அழுத்த விகிதத்தை 18.6 ஆகக் குறைத்தார்கள். எண்ணெயைத் தனியொரு சிற்றறைக்குள் பீய்ச்சி எரியவைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, பிஸ்டனின் தலைமீதே நேரடியாகப் பீய்ச்சினார்கள். டர்போவின் அழுத்தம் ஏறிய பிறகே எண்ணெயைக் கூட்டித்தரும் அமைப்பைப் பம்பில் சேர்த்தார்கள். அதாவது பேராசைக்கு ஒரு கடிவாளத்தையும் சேர்த்தே விற்றார்கள். 1எச்.இசட்டின் பம்புக்கு இந்தக் கடிவாளம் தெரியாது. அதில் எண்ணெய் அளவைக் கூட்டிவிட்டால், டர்போ சுழன்று எழுவதற்கு முன்பே கூடுதல் எண்ணெய் போய்விடுகிறது. கரும்புகை அதனால்தான்.

எனக்கு மெக்கானிக்காக இருப்பவர் கிரேக்க வம்சாவளிக்காரர், பேச்சில் சிக்கனமானவர். "டர்போ எந்த எஞ்சினையும் கொன்றதில்லை. வலது கால்தான் கொல்கிறது" என்றார். பிறகு தன் கடையின் மூலையில் கிடந்த ஒரு 1எச்.இசட் ஹெட்டைக் காட்டினார். வால்வுகளுக்கிடையே மயிரிழை போல ஒரு விரிசல். சிற்றறையில் எரிந்த வெப்பம் குறுகிய தொண்டை வழியாக வெளியேறும்போது முதலில் வதைபடுவது இந்த இடம்தான். டர்பைனுக்கு முன்னால் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸை ஒட்டி நெடுநேரம் நிற்கக் கூடாது என்பது இத்தொழிலில் உள்ளவர்களின் பொதுக்கணக்கு. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் உருகாமலிருப்பதற்குக் காரணம், சுடர் அதைத் தொடுவது கணநேரம் மட்டுமே என்பதும், மீதி நேரம் எண்ணெயும் சிலிண்டர்ச் சுவரும் அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன என்பதும்தான்.

மேடுகளைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்த நாட்டின் நடுப்பகுதியில் அஞ்ச வேண்டியது எதிர்காற்றை. மேடு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஏறிய வெப்பம் இறக்கத்தில் தணிந்துவிடும். எதிர்காற்று மூன்று மணிநேரம் விடாமல் அடிக்கும். பெட்டி போன்ற முகமுள்ள வண்டியும், அதைவிட உயரமான காரவனும், மிதித்த மிதியில் நிற்கும் காலும். டர்போ இல்லாதபோது எஞ்சின் தன் இயலாமையால் வேகம் குறைந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. டர்போவைப் பூட்டியதும் அந்த இயலாமை போய்விடுகிறது, அது தந்த காப்பும் போய்விடுகிறது. கிளென்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையம் இல்லை, பெரும்பகுதியில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. "அங்கே நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" என்று மனைவி கேட்டது இந்த வாதங்கள் அனைத்தையும்விடக் கூர்மையானது.

இதுவரை படித்தவர்கள், ஆலை டர்போவே சரி என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன், 1எச்.டி-எஃப்.டி வண்டிகளை நேரில் போய்ப் பார்க்கும் வரை. நல்லதென்று சொல்லப்பட்டவற்றின் விலை என் வண்டி விலைபோகும் தொகையைப் போல இரண்டரை மடங்கு. பார்த்த மூன்றில் ஒன்றில் பம்பின் எண்ணெய்த் திருகிலிருந்த முத்திரை உடைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில் டர்போவே மாற்றப்பட்டிருந்தது, யார் மாற்றினார்கள் என்று விற்பவருக்குத் தெரியவில்லை. ஆலை வகுத்த எல்லை 1995க்குப் பொருந்தும். ஐந்து சொந்தக்காரர்களின் கைமாறி வந்த பிறகு அது எங்கே இருக்கிறதென்று யார் சொல்ல முடியும்? மேலும், ஆலையில் பூட்டியது என்பதே உத்தரவாதமும் ஆகாது. ஆரம்பகால 1எச்.டி-டியின் பெரிய முனை பேரிங்குகள் காலத்துக்கு முன்பே தேய்ந்தது ஊரறிந்த கதை. 2000இல் நிஸ்ஸான் பேட்ரோலில் வந்த மூன்று லிட்டர் இசட்.டி.30 எஞ்சினும் டர்போவுடன் பிறந்ததுதான். அதன் பிஸ்டன்கள் உருகிய கதைகளால் அதற்குக் கையெறிகுண்டு என்றே பட்டப்பெயர் விழுந்தது.

என் 1எச்.இசட்டின் ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும் எனக்குத் தெரியும். ஒருமுறைகூட அது கொதித்ததில்லை. முன்பின் தெரியாத திறமைசாலியைவிடத் தெரிந்த சாமானியன் மேல் என்று முடிவெடுத்தேன். இளம் வயதினருக்கோ, மூன்று டன் இழுப்பவர்களுக்கோ இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் வரலாறு தெளிவாகத் தெரிந்த ஆலை டர்போ கிடைக்கும்வரை காத்திருக்கட்டும்.

முதலில் ஆறு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் சோதித்தோம். ரேடியேட்டர் புதிது, இன்ஜெக்டர்கள் பழுது பார்க்கப்பட்டன. டர்போவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டுக்கு மேல் ஏறாதபடி அமைத்தோம். எண்ணெயை மிகச் சிறிதளவே கூட்டச் சொன்னேன். மெக்கானிக் முதன்முறையாகச் சிரித்தார். எல்லோரும் கேட்பது நேர்மாறாக இருக்குமாம். டர்பைனுக்கு முன்னால் ஒரு பைரோமீட்டர் பொருத்தினோம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துப் பதிலும் வாங்கி வைத்தேன். பலரும் இதைச் செய்வதில்லை, விபத்துக்குப் பிறகே அதன் விலை தெரியவரும்.

கடந்த மாதம் போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி வரை, 540 கிலோமீட்டர், காரவனுடன் போய்வந்தோம். முன்பு நான்காம் கியருக்கு இறங்கிய இடங்களில் ஐந்திலேயே ஏறியது. 110 வரை போக அனுமதியுள்ள சாலையில் 90ஐத் தாண்டவில்லை. வடமேற்கிலிருந்து காற்று எழுந்தபோது முள் 600ஐத் தாண்டி நகர்ந்தது. 80க்குக் குறைத்தேன், ஐந்தாறு நிமிடங்களில் இறங்கியது. ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமான ரோடு டிரெயின் ஒன்று எங்களைக் கடந்துபோனது. ஓட்டுநர் கையசைத்தார்.

"சாலையைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்க்கிறீர்கள்" என்றாள் மனைவி. உண்மைதான். திரும்பும்போது பாதி வழி அவளே ஓட்டினாள். முள் 500ஐ எட்டவே இல்லை. அடுத்தது டார்வின். மே மாதம் கிளம்புகிறோம்.