ஒன்பது நாள் தோட்டம்

தோட்டத்தின் அழகைக் காண வேண்டுமானால் மே மாதம் உதகை மலர்க் கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கண்ணைப் பறிக்கும் அழகுக்கு அது சரி. ஆனால் கண் தானாகத் தேடிப் போய்க் கண்டுகொள்ளும் அழகும் ஒன்று உண்டு. அதைப் பார்க்க மார்கழியில் என் அக்கா வீட்டுக் கொல்லைக்கு வர வேண்டும்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது திருவரங்குளம். பொன்னாலான பனம்பழம் தந்த மரம் ஒன்றைப் பற்றி இந்த ஊர்த் தலபுராணம் பேசும். அக்காவின் கொல்லையில் அப்படி அற்புதம் எதுவும் கிடையாது. மழை ஓய்ந்த செம்மண் மீது பனி படிந்திருக்கும். கவாத்து செய்த மல்லிகைப் புதர்கள் வெறுங்குச்சிகளாக நிற்கும். வேலியோரத்தில் டிசம்பர்ப் பூ. நிறம் ஊதா, வாசனை சிறிதும் இல்லை. பூசணிக் கொடியில் மட்டும் விடியலில் மஞ்சள் தெரியும். அதையும் கோலத்துச் சாணி உருண்டையில் செருகப் பக்கத்து வீட்டுச் சிறுமி பறிக்க வந்துவிடுவாள்.

"ஆண் பூவாப் பார்த்துப் பறிடி. அடியிலே பிஞ்சு இருக்கிறதைத் தொடாதே" என்பாள் அக்கா.

அக்கா பள்ளி ஆசிரியை. காலை ஏழரைக்குப் பஸ். திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்து, டிசம்பர் கடைசியில் விடுகிற ஒன்பது பத்து நாள் லீவில்தான் கொல்லை அவளுடையது. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருப்பாள். ஐந்து தாள் திருத்துவாள். ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. கடலோரம் அல்லாத எங்கள் பக்கத்தையும் அது விட்டுவைக்கவில்லை. ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் அப்பா வைத்த பலாவும் அவற்றில் ஒன்று. மறு வருஷம் அதே இடத்தில் அக்கா ஒரு பலாக்கொட்டையை ஊன்றினாள்.

"காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகுமே, அக்கா?" என்றேன்.

"ஏழெட்டு அரையாண்டு லீவு, அவ்வளவுதானே!" என்றாள்.

கடந்த மார்கழியில் போயிருந்தபோது கிளை நுனிகளில் விரல் பருமனுக்குப் பிஞ்சுகள் தெரிந்தன. நான் கைகொட்டி மகிழ்ந்தேன். அக்கா சிரித்தாள்.

"அதெல்லாம் ஆண் பூடா, தம்பி. கறுத்து உதிர்ந்துடும். காய் பிடிக்கிறது அடிமரத்திலே."

வருகிற மே மாதத்தோடு அவளுக்கு ஓய்வு. மகன் சென்னைக்கு அழைக்கிறான். அடுக்கு மாடி வீடு. கொல்லையை விற்றுவிடலாம் என்பது அவன் யோசனை.

"போகப் போறியாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு யோசனை அது இல்லேடா. ஒன்பது நாள்தான்னு இருந்ததாலே ஒவ்வொரு இலையா உட்கார்ந்து பார்த்தேன். இனிமே எல்லா நாளும் லீவு. அப்போ இதைப் பார்ப்பேனா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கிடைத்தற்கரிய நாளில் பார்ப்பதனால்தான் அடங்கிய அழகு நமக்கு அழகாகப்படுகிறதா? அப்படி இராது என்றே நினைக்கிறேன். அவசரத்துக்கு நடுவே நின்று பார்க்கப் பழகிய கண், அவசரம் ஒழிந்த பிறகா குருடாகிவிடும்?

மகனுக்கு அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. 'அடிமரத்தில் பிஞ்சு விடட்டும், அப்புறம் பேசலாம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறாளாம்.