தழும்பைத் தொடாத கை

சென்னையில் கூவம் வளைந்து செல்லும் மடியில் சிந்தாதிரிப்பேட்டை இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் புதுப்பேட்டை. முன்னது, 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்தித் துணி நெய்விப்பதற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் உண்டாக்கிய பேட்டை. பின்னது, ஓடி ஓய்ந்த மோட்டார் வண்டிகளை அங்கம் அங்கமாகப் பிரித்து, கதவு வேறு, கண்ணாடி வேறு, பல்சக்கரம் வேறு என்று மறுபடியும் உலகத்துக்கு வழங்குகிற பேட்டை. நான் சென்ற மாதம் அங்கே போனது வண்டிச் சாமான்களைப் பார்ப்பதற்காக அன்று. அந்தக் கடைகளின் ஓரத்தில், சந்து ஒன்றின் முடிவில் இருக்கும் சிறிய காயலான் கடையில் வீட்டுச் சாமான்களை எடைக்கு வாங்கிப் புகைப்படம் எடுக்கிற ஓர் இளைஞரையும், அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்திக் கொடுக்கிற அவருடைய தாய்மாமனையும் காண்பதற்காகவே போனேன்.

கடையில் தரம் பிரிக்கும் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் மாட்டியிருக்கிறார். பித்தளை என்று வந்த பிடியில் அது ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். காந்தம் உதவாத இடத்தில் காது உதவுகிறது: பாத்திரத்தை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல், அலுமினியம் ஒரு பக்கமும் வெண்கலம் ஒரு பக்கமுமாக எறிகிறார். முப்பது வருஷ அப்பியாசத்தில் வந்த இந்த ஞானத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நான் போன அன்று காலை அந்தக் குவியலிலிருந்து இளைஞர் எடுத்துக்கொண்டது, நசுங்கிய பித்தளைத் தூக்கு ஒன்று. படம் எடுத்த பிறகு அதே எடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவது அவர்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம்.

மாமனுடைய வீட்டு மொட்டை மாடியில் உள்ள ஓர் அறைதான் அவர்களுடைய தொழிற்சாலை. வடக்குப் பார்த்த ஜன்னலில் பழைய வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக வரும் வெளிச்சம் பால் போலப் பரவுகிறது. மேஜையின் மேல் கறுப்பு வெல்வெட். எதிர்ப்புறத்து நிழலை மட்டுப்படுத்த வெள்ளைத் தெர்மாகோல் பலகை. வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்தால் பொருளின் மேடு பள்ளமெல்லாம் சமமாகிவிடும் என்றும், தரையைத் தடவிக்கொண்டு வரும் மாலை வெயிலைப் போல் பக்கவாட்டில் தாழ்ந்து விழுந்தால்தான் ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும் என்றும் அந்த இளைஞர் விளக்கினார். கேமராவை முக்காலியில் பூட்டி, லென்ஸின் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கினார். அதற்கும் மேல் மிகவும் சுருக்கினால், தெளிவின் ஆழம் கூடுமே தவிர, ஒளி துவாரத்தின் விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் சற்று மழுங்கிவிடுமாம். அதனால் தூக்கின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை குவியத்தை இழை இழையாக நகர்த்திப் பன்னிரண்டு படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் பின்னால் ஒன்றுசேர்க்கிறார்கள். பித்தளையின் மஞ்சளும் அதன் மேல் பூத்த களிம்பின் பச்சையும் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, முதல் படத்தில் மட்டும் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

அறைச் சுவரில் முன்பு எடுத்த படங்கள் மாட்டியிருந்தன. அவற்றுள் ஒன்றின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். ஒற்றை ரப்பர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஓர் ஊக்கைக் குத்தியிருக்கிறார்கள்; ஊக்கு துருப்பிடித்து, அந்தத் துரு ரப்பரில் இறங்கிச் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. குதிகால் பட்ட இடம் வெளிப்புறமாகச் சாய்ந்து, கீழே இருக்கும் நீல அடுக்குத் தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கிறது. பெருவிரல் அழுந்திய பள்ளத்தில் ஒரு கிண்ணம் போல நிழல் தேங்கி நிற்கிறது. அதை அணிந்தவர் ஆணா பெண்ணா என்று சொல்வதற்கில்லை. ஆனால் வலது காலைச் சற்றுச் சாய்த்து நடந்தவர் என்பதும், புதுச் செருப்பு வாங்குவதை மாதக்கணக்கில் ஒத்திப்போட்டவர் என்பதும், ஊக்கின் கூர்முனை காலில் குத்தாதபடி அதை வெளிப்பக்கம் திருப்பிப் போடும் ஜாக்கிரதை உடையவர் என்பதும் அந்தப் படத்தில் இருக்கின்றன. தெருவில் கிடந்தபோது அந்தச் செருப்பை நானும் ஒரு நாள் தாண்டிப் போயிருப்பேன்.

இப்படிப் படம் எடுப்பது புதிய சம்பிரதாயம் அன்று. அழகிய உடைகளையும் அழகிய முகங்களையும் பத்திரிகைகளுக்காகப் படம் எடுத்துக் கீர்த்தி பெற்ற அமெரிக்கரான இர்விங் பென், 1972-ல் நியூயார்க் தெருக்களில் மிதிபட்டுக் கிடந்த சிகரெட் துண்டுகளைத் தம்முடைய ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரச் செய்து, அவற்றைத் தூண்கள் போல் பெரிதாக்கி, மிகுந்த பொருட்செலவும் பொறுமையும் வேண்டுகிற பிளாட்டினம் முறையில் அச்சிட்டார்; 1975-ல் அவை அந்நகரத்து நவீன கலைக் காட்சியகத்தில் வைக்கப்பட்டன. ஜப்பானியப் பெண்மணி இஷியுச்சி மியாகோ, ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்கு இரையானவர்கள் விட்டுப்போன உடைகளையும் சில்லறைப் பொருள்களையும் 2007 முதல் படம் எடுத்து வருகிறார். இரண்டில் என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. பென்னின் படங்களில் வித்தையின் மேன்மை முதலில் கண்ணில் படுகிறது. மியாகோவின் படங்களில், அந்தச் சட்டையைத் தைத்த தாய்தான் முதலில் நினைவுக்கு வருகிறாள். சுவரில் இருந்த செருப்பும் இந்த இரண்டாவது வர்க்கத்தைச் சேர்ந்ததே.

ஆனால் அந்த அறையில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி திருத்துகிறவரிடமிருந்து வந்தது. எழுபதைக் கடந்த அந்தப் பெரியவர், 1968-ல் சிறுவனாக ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, நெகட்டிவ்களுக்கு டச்சிங் செய்யும் வேலையைப் பழகியவர். அடியில் கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மேலே திருப்பிய சாய்வு மேஜையில் நெகட்டிவைப் பொருத்தி, பென்சில் பிடிப்பதற்காக ஒரு வார்னிஷைப் பூசி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்புவது அந்த வேலை. முகத்தில் நிழல் விழுந்த சுருக்கம் நெகட்டிவில் வெளுத்த கோடாக இருக்கும். அதைப் பென்சிலால் கறுப்பாக்கினால் அச்சில் வெளுத்து மறைந்துவிடும். அந்தக் காலத்தில் பெரியம்மைத் தழும்பு உள்ள முகங்களை அடிக்கடி காணலாம். நம் நாட்டில் பெரியம்மை ஒழிந்தது 1975-ல்தான். அதற்குப் பிறகும் வடு உள்ளவர்கள் வருஷக்கணக்கில் ஸ்டூடியோவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு முகத்துக்கு ஐந்நூறு புள்ளிகள்கூட வைத்ததுண்டு என்றார்.

"ஒரு அம்மா வந்தாங்க சார்," என்று அவர் சொல்லத் தொடங்கியபோது அணிந்திருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். "வீட்டுக்காரர் தவறிப் போயிட்டாரு. மாலை போடுறதுக்குப் படம் வேணும்னு, முன்னாடி எடுத்த நெகட்டிவ்ல பெருசு பண்ணச் சொன்னாங்க. நான் ராப்பகலா உக்காந்து அத்தனை தழும்பையும் எடுத்துட்டேன். கொடுத்தா, ரொம்ப நேரம் பாத்துட்டு, 'நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது அவரு இல்லையே'ன்னாங்க."

அன்றிரவு பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு, வார்னிஷோடு பென்சில் புள்ளிகளையும் துடைத்து எடுத்துவிட்டு, தழும்பு தழும்பாகவே மறுபடி அச்சிட்டுக் கொடுத்தாராம். அந்த அம்மாள் கொடுத்த பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது கையில் பென்சிலுக்குப் பதிலாக, பலகையின் மேல் ஓட்டும் மின் பேனா. தங்கை மகனிடம் ஆரம்பத்திலேயே அவர் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு: பொருளின் மேல் இருப்பது எதையும் தொடுவதில்லை. கேமராவின் உள்ளே ஒட்டிய தூசி படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும். அதை எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். பொருளின் மேல் உள்ள புள்ளி எது, கேமராவின் புள்ளி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "பொருளைக் கொஞ்சம் திருப்பி வச்சு இன்னொண்ணு எடுக்கச் சொல்லுவேன் சார். கூட நகர்ந்தா அது பொருளோடது. அசையாம அங்கேயே நின்னா நம்மோடது" என்றார். இவ்வளவு எளிய பரிசோதனையில் இவ்வளவு நியாயம் அடங்கியிருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. களிம்பின் பச்சையைச் சற்று ஏற்றினால் மரகதம் போல் ஜொலிக்கும் என்று மருமகன் ஒரு முறை செய்து காட்டினாராம். மாமன் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் திரையை விலக்கி, தூக்கிப் பிடித்த பாத்திரத்தையும் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த படத்தையும் மாறி மாறிப் பார்க்கும்படி சைகை செய்தாராம். அதற்குப் பிறகு அந்த ஆசை வரவில்லை.

ஆனால் அன்றைய தூக்கில் ஒரு சங்கடம் இருந்தது. கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில், ஒரு பெண்ணின் பெயரும் ஒரு தேதியும் வெட்டியிருந்தன. கல்யாணச் சீராக வந்த பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும். படத்தைக் கண்காட்சியில் வைத்தால் அந்தக் குடும்பத்தார் யாரேனும் காணக்கூடும். சீர்ப் பாத்திரம் காயலான் கடைக்குப் போன சங்கதியை ஊரார் அறிய நேரலாம். பெயரை அழித்துவிடுவது மின் பேனாவுக்கு ஒரு நிமிஷ வேலை. பெரியவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "அழிக்க வேண்டாம் தம்பி. திருப்பி வச்சு எடு" என்றார். தூக்கைத் திருப்பினார்கள், எழுத்துகளின் முடிவில் வெட்டியிருந்த சிறு பூவும், தேதியின் கடைசி எண்ணும் மட்டும் ஓரத்தில் தெரிந்தன. வெளிச்சத்தைப் புதிதாக அமைத்துப் பன்னிரண்டு படங்களையும் மறுபடி எடுத்து முடிக்கும்போது, வேட்டித் திரையில் மாலை மஞ்சள் ஏறிவிட்டது.

தூக்கைத் திருப்பிக் கொடுக்க நானும் உடன் போனேன். கடை சாத்தும் நேரம். இளைஞர் கைப்பேசியில் படத்தைக் காட்ட, தரம் பிரிக்கும் அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, விரல்களால் பெரிதாக்கி, மூலைக்கு மூலை பார்த்தார்.

"அடியக் காட்டலையே தம்பி?"

"அடியில ஒண்ணும் இல்லையே அக்கா, வெறும் அழுக்குதானே?"

அவர் தராசிலிருந்து தூக்கை எடுத்துக் கவிழ்த்து, கட்டை விரல் நகத்தால் அழுக்கைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியிலிருந்து, எட்டணா அளவில், மங்கிய வெள்ளையாக ஓர் ஈயப் பற்று வெளிப்பட்டது. அதன் விளிம்பில் பாதி ஏறினாற்போல் இன்னொன்று.

"ரெண்டு வாட்டி பத்த வச்சிருக்காங்க. இது ஒழுகி, அதுக்கு மேல இது" என்றார்.

இளைஞர் பாத்திரத்தைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பைக்குள் வைத்துக்கொண்டு, "காலைல கொண்டாந்துடறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பாலத்தை நோக்கி நடந்தார்.