மேனி இழந்த மண்டலங்கள்

மதிலும் மண்டபமும் அழிந்து, கருவறை மட்டும் எஞ்சி நிற்கும் பழங்கோயில் ஒன்றைப் புதிதாகக் காண்பவர், அதனைச் சிறு கோயில் என்றே கொள்வர். சிறியதாக நிற்பது சிறியதாகவே கட்டப்பட்டது என்று எண்ணுதல் நம் எல்லோருக்கும் இயல்பு. அவ்வெண்ணம் சரிதானா என்னும் கேள்வி, வானத்தை ஆராயும் அறிஞர்களைக் கால் நூற்றாண்டாக விடாது பற்றியிருக்கிறது.

நாம் வாழும் பால்வீதி, ஏறக்குறைய 1,00,000 ஒளியாண்டு அகலமுள்ள விண்மீன் மண்டலம். இத்தகைய மண்டலங்கள் பல நூறாகத் திரண்டு வாழும் இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, தென்வானில் போர்னக்ஸ் என்னும் உடுக்கூட்டத்தின் திசையில் உள்ளது. அத்திசையில், பால்வீதியின் சாதாரண விண்மீன்கள் போலத் தோன்றிய சில ஒளிப்புள்ளிகளை 1990களின் இறுதியில் ஆராய்ந்தபோது, அவை கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளவை என்பது புலனாயிற்று. ஒவ்வொரு புள்ளியும் எண்ணற்ற விண்மீன்கள் நெருங்கி அடைந்த ஒரு குறுமண்டலம்!

இவை தோன்றியது எவ்வாறு? மிகப் பெரிய விண்மீன் கொத்துகளாகவே இவை பிறந்தன என்றனர் ஒரு சாரார். பெரிய மண்டலங்கள் தேய்ந்தபின் எஞ்சிய நடுப்பகுதிகளே இவை என்றனர் மற்றொரு சாரார். சந்திரனின் ஈர்ப்பு நம் கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்குகின்றதன்றோ? அத்தகைய இழுப்பே, இராட்சத மண்டலம் ஒன்றை நெருங்கிச் சுற்றிவரும் சிறிய மண்டலத்தைக் குலைக்கும். புறத்தே பரந்த விண்மீன்கள் சுற்றுக்குச் சுற்று உதிரும். இறுகிய நடுப்பகுதி மட்டும் நிலைக்கும்.

இதற்குரிய சான்று, சித்திரை விண்மீன் ஒளிரும் கன்னி இராசியின் திசையிலிருந்து கிடைத்தது. அங்கே, ஏறக்குறைய 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில், எம்60 என்னும் பெருமண்டலத்தின் அருகே ஒரு குறுமண்டலம் இருக்கிறது. அதன் அகலம் ஏறக்குறைய 300 ஒளியாண்டே. ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கியின் துணைகொண்டு, அதன் விண்மீன்கள் விரையும் வேகத்தை அறிஞர் அளந்தனர். அதன் நடுவே 2.1 கோடி சூரியன்களின் திணிவுள்ள கருந்துளை இருப்பதாக 2014இல் அறிவித்தனர். பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையோ ஏறக்குறைய 40 இலட்சம் சூரியன்களின் திணிவே உடையது. சிறு கோயிலுக்குள் இத்துணைப் பெரிய மூர்த்தம் வந்தது எங்ஙனம்? கோயிலே ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது என்பதே பொருத்தமான விடை.

2023இல், அதே கன்னிக் கூட்டத்தில், மேனி உதிர்ந்துகொண்டிருக்கும் இடைநிலை மண்டலங்கள் 100க்கு மேல் இனங்காணப்பட்டன. எனினும், எல்லாக் குறுமண்டலங்களும் தேய்ந்தவை அல்ல; கொத்துகளாகவே பிறந்தவையும் அவற்றுள் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நோக்கினாலன்றி வேற்றுமை விளங்காது.

இவற்றைப் படித்தபோது நாம் நெடுநேரம் சிந்தனையில் ஆழ்ந்தோம். உதிர்ந்த விண்மீன்கள் அழிந்துவிடவில்லை. பெருமண்டலத்தின் புறத்தே கலந்து இன்றும் ஒளிர்கின்றன. பெரியது பெரிதாக நிற்பதில், தேய்ந்ததன் பங்கும் இருக்கிறது. வீட்டிலும் வீதியிலும் நாம் காணும் எளியவர் பலர், எதனை யாருக்கு ஈந்து இவ்வாறு எளியவரானார் என்பதை நாம் கேட்பதுண்டா? ஓர் ஒளிப்புள்ளியின் வரலாற்றை அறிய அறிஞர் காட்டும் பொறுமையில் சிறிதளவையேனும், அருகிலிருக்கும் மனிதரிடத்தும் நாம் காட்டுவோமாக.