கண்ணில் ஏன் விளக்கு?

சென்ற மாதம் ஓய்வு வேளையில் எங்கள் பள்ளித் திடலில் ஓடிய இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டான். நெற்றியில் வீக்கம், ஒருமுறை வாந்தி. பந்திங்கில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கண்கள் இரண்டிலும் மாறிமாறிக் கைவிளக்கைப் பாய்ச்சினார்.

"ஐயா, அடிபட்டது தலையிலதானே? கண்ணுல ஏன் லைட் அடிக்கிறாங்க?"

அன்று விடை சொல்ல இயலவில்லை. வீட்டில் படித்த பின்னரே விளங்கியது. ஒளி பட்ட செய்தி பார்வை நரம்பின் வழியே நடுமூளைக்குச் செல்கிறது. அங்கிருந்து மூன்றாம் மூளை நரம்பு, சுருங்குமாறு கண்மணிக்குக் கட்டளை கொணர்கிறது. மண்டைக்குள் குருதி கசிந்து அழுத்தம் மிகுந்தால் அந்நரம்பு நசுங்கி, கண்மணி விரிந்தபடியே நின்றுவிடும். (கண்மணி ஒழுங்காகச் சுருங்குவதனாலேயே தலைக்கு ஒன்றுமில்லை என்றும் ஆகிவிடாது.)

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காருக்குக் காத்திருந்தபோது, திரைப்படத்தில் கண்டதுபோல் நானும் என் கைப்பேசி விளக்கை அவன் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். கருவிழி எங்கே முடிகிறது, கண்மணி எங்கே தொடங்குகிறது என்றே புலப்படவில்லை. கருமைக்குள் கருமை!

ஆய்வாளர்களுக்கும் இதே இடர் உண்டு. 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், தலைக்காயத்தைக் கண்டறிய 'பியூப்பில்ஸ்கிரீன்' என்னும் செயலியை உருவாக்கினர். வெளியொளி புகாத பெட்டியில் கைப்பேசியைப் பொருத்தி, மூன்று நொடிக் காணொளியிலிருந்து கண்மணியின் அசைவைக் கணிக்கும் முறை அது. (ஆங்கிலத்தில் கண்மணிக்கும் மாணவனுக்கும் 'பியூப்பில்' என்னும் ஒரே சொல். அதன் இலத்தீன் மூலத்திற்குச் சிறு பொம்மை என்று பொருள். நம் 'பாவை'யைப் போலவே.) ஆயினும் சாதாரண ஒளியில் கரும்பழுப்பு விழிகளின் எல்லை எளிதில் பிரிவதில்லை. 2022-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். முகம் பார்த்துப் பூட்டைத் திறப்பதற்கெனச் சில கைப்பேசிகளில் அகச்சிவப்புக் கேமரா இருக்கிறது. விழியின் கருநிறமி அவ்வொளியை அதிகம் உறிஞ்சாது. எனவே கருவிழி வெளிறித் தெரிய, நடுவே கண்மணி மட்டும் கறுத்து நிற்கும்.

என் வகுப்பில் நீலக் கண் ஒன்றுகூட இல்லை. ஆகவே, இத்தகைய செயலி எது வந்தாலும், யாருடைய கண்களில் அதைச் சோதித்தார்கள் என்பதையே முதலில் கேட்பேன். அப்போதும், வாந்தி எடுத்த பிள்ளையை மருத்துவரிடம்தான் கொண்டு செல்வேன்.

மூன்றாம் நாள் பையன் பள்ளிக்கு வந்தான். அவனுக்குரிய விடையைச் சொன்னேன். உடனே நண்பனைச் சன்னலருகே நிறுத்தி, அவன் கண்களைப் பொத்தித் திறந்து பார்த்தான்.

"சின்னதாகுது ஐயா! ஆனா ரொம்பக் கிட்டப் போய்ப் பாக்கணும்."