புனிதப் பயணத்திற்குப் புறப்படும் பாதங்கள்



ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படும் வீட்டில் எத்தனை ஏற்பாடுகள் நடைபெறுகின்றன என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். இஹ்ராம் துணி வாங்குகிறோம். துஆக்களை மனனம் செய்கிறோம். ஊறுகாயும் பொடி வகைகளும் பெட்டியில் ஏறுகின்றன. உற்றார் உறவினரிடம் மன்னிப்புக் கோரி விடைபெறுகிறோம். ஆனால், அப்புண்ணிய பூமியில் நம்மைச் சுமந்து செல்லவிருக்கும் இரு பாதங்களைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதில்லை. தவாஃபும் ஸஃயும் கால்களைக் கொண்டே நிறைவேறும் வணக்கங்கள் அல்லவா?

வாருங்கள், அப்பாதையில் மனத்தால் ஒருமுறை நடந்து வருவோம்.

ஹரம் ஷரீஃபினுள் நுழைந்து, கஃபத்துல்லாஹ்வைச் சுற்றியுள்ள மதாஃபில் கால் வைக்கிறீர்கள். கிரேக்க நாட்டின் தாஸோஸ் தீவிலிருந்து கொணர்ந்து பதிக்கப்பட்ட வெண்பளிங்கு அது. கதிரவனின் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் இயல்புடையதால், நண்பகலிலும் பாதத்திற்கு இதமாக இருக்கிறது. அங்கு ஏழு சுற்றுகள். கூட்டம் மிகுந்து மேல்தளத்திற்குச் செல்ல நேர்ந்தாலோ, ஒவ்வொரு சுற்றும் பன்மடங்கு நீண்டுவிடும். அடுத்து, அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் தம் பச்சிளம் மகனுக்காகத் தண்ணீர் தேடி ஓடிய ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடக்கிறீர்கள். அது மட்டுமே சுமார் மூன்று கிலோமீட்டர். ஆக, ஓர் உம்ராவை நிறைவேற்றுவதற்குள் ஒரு சிற்றூரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்த அளவு பாதங்கள் உழைத்துவிடுகின்றன.

ஹஜ்ஜின் நாட்களில் நடை இன்னும் பெருகும். ஹரமிலிருந்து மினா சுமார் 7 கிலோமீட்டர். அரஃபாத் சுமார் 20 கிலோமீட்டர். பேருந்துகள் உண்டு; 2010ஆம் ஆண்டு முதல் ரயிலும் ஓடுகிறது. எனினும் கூடாரத்திலிருந்து நிலையத்திற்கும், முஸ்தலிஃபாவிலிருந்து மினாவுக்கும், கல்லெறியும் ஜம்ராவுக்கும் நடக்காமல் தீராது. கோடையில் ஹஜ் அமைந்தால் வெப்பமோ சொல்லுந்தரமன்று. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

இனி, ஹரமின் வாசலுக்கு வாருங்கள். ஒரு வாசலில் செருப்பை விட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வேறொரு வாசலில் வெளியேறுவோர் பலர். மதாஃபின் குளிர்ச்சி வெளியே தார்ச்சாலையில் கிடையாது. வெறுங்காலுடன் சற்றுத் தொலைவு நடந்தாலும் பாதம் வெந்து கொப்புளித்துவிடும். நெடுநாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இது பேராபத்து. அவர்களுள் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுவதும் தெரியாது, கல் குத்துவதும் தெரியாது. அறைக்குத் திரும்பிய பிறகே புண் கண்ணில் படும். எளிதில் ஆறாத அப்புண் முற்றினால், காலையே இழக்க நேரிடலாம்.

இதற்குப் பரிகாரம் எளியது. ஒரு சிறு துணிப்பையைத் தோளில் மாட்டிச் செருப்பை அதனுள் வைத்துக் கொள்ளுங்கள். பெட்டியில் மற்றொரு ஜோடியும் இருக்கட்டும். கூடுமானவரை தவாஃபை வெயில் தாழ்ந்த பின் வைத்துக் கொள்ளுங்கள். உணர்ச்சி மங்கிய பாதமுடையோர், வெறுங்காலுடன் நடப்பதைக் குறித்து மருத்துவரையும் ஆலிமையும் புறப்படுமுன்னரே கேட்டுத் தெளிதல் நலம். நடக்க இயலாதோருக்குச் சக்கர நாற்காலி உண்டு. மார்க்கமும் அதற்கு இடமளித்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

ஆயினும், பாதங்களைப் பேணும் பணி மக்காவில் தொடங்குவதன்று. நம் வீட்டில் தொடங்குவது. இஹ்ராமில் ஆண்கள் காலுறையோ கணுக்காலை மூடும் காலணியோ அணியலாகாது. ஆகவே திறந்த செருப்பில் நீண்ட தூரம் நடக்கக் கால் பழகியிருக்க வேண்டும். செருப்பை ஒரு மாதத்திற்கு முன்பே வாங்கி அணிந்து பழகுங்கள். புதுச் செருப்புடன் விமானம் ஏறாதீர்கள். பெண்களுக்குக் காலுறையும் மூடிய காலணியும் அனுமதிக்கப்பட்டவையே. நாள்தோறும் ஃபஜ்ரு தொழுத பின் அரைமணி நேரம் நடங்கள். நாளடைவில் நேரத்தைக் கூட்டுங்கள். இஹ்ராமில் நகம் களைவது கூடாதென்பதால், முன்னதாகவே நேராக வெட்டிக் கொள்ளுங்கள். ஓரங்களை ஆழமாகக் குடைய வேண்டாம். பித்தவெடிப்பு இருந்தால், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே இரவில் குதிகாலுக்குக் களிம்பு தடவி ஆற்றிக் கொள்ளுங்கள். இஹ்ராமில் மணமுள்ள களிம்பைத் தொடலாகாது. கால் ஆணியை பிளேடால் அறுப்பது எக்காலத்திலும் ஆகாது.

நாள்தோறும் ஐவேளை உளூச் செய்து பாதங்களைக் கழுவுகிறோம்; விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத்தும் ஆகும். கழுவுகின்ற நாம், துடைப்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். ஒரு மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். அந்நேரமே உள்ளங்காலையும் பார்த்துவிடுங்கள். குனிய இயலாத முதியோர் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். அல்லது மகனோ மகளோ பார்த்துச் சொல்லலாம். சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ தென்பட்டால் அன்றே கவனியுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலி நீங்கும் என்றெண்ணிச் சர்க்கரை நோயாளியின் காலை வெந்நீரில் அமிழ்த்தாதீர்கள். சூட்டை அக்கால் அறியாது. ஓரிரு நாளில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்தில் இவ்வாண்டு பயணம் புறப்படும் தாயோ தந்தையோ இருந்தால், பெட்டியைக் கட்டுவதற்கு முன் அவர்களுடைய பாதங்களை உங்கள் மடிமீது வைத்து ஒருமுறை பாருங்கள். நெடுங்காலம் உங்களுக்காக நடந்த பாதங்கள் அவை. அல்லாஹ்வின் இல்லத்தை நாடிச் செல்லும் அவை நலமாகச் சென்று நலமாகத் திரும்ப, துஆவுடன் நம் கவனமும் துணை நிற்கட்டும்.