ஓடிப் போகாத தூரம்

மேக்ரோ லென்ஸ் வாங்கலாம் என்று கோலாலம்பூரில் ஒரு கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

“பூச்சி” என்றேன்.

“உயிரோடு இருக்கிற பூச்சியா, செத்த பூச்சியா?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிரேசர் மலையில் இரண்டு நாள் அலைந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது.

என்னிடம் இருப்பது சோனி ஏ6400 மிரர்லெஸ் கேமரா. தைப்பூசம், கல்யாணம், நண்பர்களின் பிள்ளைகளுடைய பிறந்தநாள் எல்லாவற்றையும் கேமராவோடு வந்த லென்ஸிலேயே எடுத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். மேக்ரோ ஆசை வந்தது அப்பாவால்.

அப்பா ஊலு சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். சென்ற ஆண்டு அவருக்கு நடுப்பார்வை மங்கத் தொடங்கியது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிறது, ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், போன பார்வையைத் திருப்ப முடியாது என்றார் மருத்துவர். இப்போது அப்பா ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறைதான் தெரிகிறது. தலையைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் ஓரளவு தெரிகிறது.

ஒருநாள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இருந்த ஒரு புழுவைக் கைப்பேசியில் எடுத்துத் தொலைக்காட்சித் திரையில் போட்டுக் காட்டினேன். அப்பா தலையைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். “கால் தெரியலையேம்மா” என்றார். பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் கலங்கிப் போயிருந்தது. அவர் கண் இன்னும் எத்தனை வருடம் இந்த அளவுக்காவது பார்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே முடிவு செய்தேன். “அந்தக் காசுக்கு ஒரு சங்கிலி எடுத்து வெச்சாலும் ஒதவும்” என்று அம்மா முணுமுணுத்தார். சேர்த்து வைத்திருந்தது மூவாயிரம் ரிங்கிட்.

கடைக்காரர் நல்ல மனிதர். “முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், அப்புறம் வாங்கலாம்” என்றார். சோனி 90 மி.மீ. மேக்ரோவை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தேன். அலுவலகத் தோழி தன்னுடைய சோனி 30 மி.மீ. மேக்ரோவை இரவல் கொடுத்தாள். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ரவாங்கிலிருந்து கிளம்பினேன்.

மலைப்பாதை

பிரேசர் மலை கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கோல குபு பாருவைத் தாண்டியதும் வலப்பக்கமோ இடப்பக்கமோ, ஏதாவது ஒரு வளைவில் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்ப்பரப்பு கண்ணில் படும். பிறகு காடுதான். 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்ரி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அந்தக் காலத்துக் கதைகளைத் தன் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர் என் அப்பா. பாதி வழி அதிலேயே போயிற்று.

கேப் சந்திப்பிலிருந்து கடைசி எட்டு கிலோமீட்டர் ஒடுங்கிய வளைவுப் பாதை. ஏறி முடித்தால் நடுவில் செடி படர்ந்த மணிக்கூண்டு, சுற்றிலும் கல் கட்டடங்கள், 1,300 மீட்டர் உயரத்துக்கே உரிய குளிர். 1890களில் ஈயத் தொழிலுக்காக வந்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்பவரின் பெயர்தான் மலைக்கு நிலைத்துவிட்டது. பறவை பார்ப்பவர்கள் நீளமான லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவார்கள். நாங்கள் தரையையும் இலையடியையும் பார்க்க வந்திருந்தோம்.

பகலில்: இரண்டு சென்டிமீட்டர்

முதலில் 30 மி.மீ. லென்ஸ். எடை 138 கிராம்தான். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கோல்ஃப் திடலை ஒட்டிப் போகும் ஹெம்மண்ட் நடைபாதையில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்.

ஓர் இலை நுனியில் குதிக்கும் சிலந்தி ஒன்று. குனிந்தேன். அது திரும்பி என்னைப் பார்த்தது. இன்னும் நெருங்கினேன். என் நிழல் இலைமேல் விழுந்ததும் இலையடிக்கு ஓடிவிட்டது. அடுத்தது ஒரு வெட்டுக்கிளி; அதுவும் போயிற்று. மூன்றாவது ஈ.

பின்னால் நின்ற அப்பா சிரித்தார். “ரொம்பக் கிட்டப் போனா போயிடும்மா. அது மொதல்ல நம்ம நெழலத்தான் பாக்கும்.”

கோளாறு லென்ஸில் இல்லை, நான் கணக்குப் பார்க்காததில். லென்ஸ் விவரங்களில் ‘குறைந்தபட்சக் குவியத் தூரம்’ என்று ஓர் எண் இருக்கும். இந்த லென்ஸுக்கு அது 9.5 செ.மீ. அந்தத் தூரம் லென்ஸின் முனையிலிருந்து அளக்கப்படுவதல்ல. கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து. கேமரா உடலையும் லென்ஸின் நீளத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது 2 செ.மீ.தான். அவ்வளவு நெருக்கத்தில் லென்ஸே வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. எந்தப் பூச்சி காத்திருக்கும்?

ஆனால் பாசி காத்திருந்தது. மரத்தில் ஒட்டிய சிறு காளான்களும், உதிர்ந்த இலையின் நரம்புகளும் காத்திருந்தன. அவற்றை அந்தக் குட்டி லென்ஸ் மிக அழகாக எடுத்தது. நகை, நாணயம், தபால் தலை, சமையல் படம் எடுப்பவர்களுக்கு இது போதும். ‘உயிரோடா, செத்ததா’ என்று கடைக்காரர் கேட்டது இதைத்தான்.

இரவில்: பதின்மூன்று சென்டிமீட்டர்

இரவு எட்டரைக்கு, தங்கியிருந்த இடத்துக்கு வெளியே சாலையோரமாகவே நடந்தோம். குளிர் இருபது டிகிரிக்குக் கீழே. குளிரில் பூச்சிகள் சுறுசுறுப்பு குறைந்து இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். படம் எடுப்பவர்களுக்கு அதுதான் வசதி. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டபோது அப்பா தனக்கும் ஒன்று கேட்டார். விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குப் போனவர் அல்லவா. கட்டிவிட்டேன். பார்வை எவ்வளவு குறைந்தாலும், நடையில் ஒரு பழைய வேகம் வந்துவிட்டது.

“இலைக்கு மேல தேடாத. அடியில பாரு. மழைக்கு அப்புறம் எல்லாம் அடியிலதான் இருக்கும்.”

பார்த்தேன். இருந்தன.

இப்போது 90 மி.மீ. லென்ஸ். இதன் குறைந்தபட்சக் குவியத் தூரம் 28 செ.மீ.; கழித்துப் பார்த்தால் லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே 13 செ.மீ. கிடைக்கிறது. இரண்டு லென்ஸும் பூச்சியை ஒரே அளவுக்குத்தான் காட்டுகின்றன. ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பார்கள்: ஒரு சென்டிமீட்டர் பூச்சி, சென்சார் மேல் ஒரு சென்டிமீட்டராகவே விழும். உருப்பெருக்கம் சமம், நாம் நிற்கும் இடம்தான் வேறு. அந்தப் பதினொரு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் விலை. நடுவில் கிடைத்த இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சமும் தாராளமாக விழுந்தது. அம்மாவின் ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் கட்டியிருந்தேன்; வெளிச்சம் பளீரென்று அடிக்காமல் பரவியது.

ஒரு தண்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. “பஞ்சு” என்றேன். “பஞ்சு காத்துக்கு ஆடும். இது ஆடலையே” என்றார் அப்பா, நான் சொன்னதை மட்டும் வைத்து. தத்துப்பூச்சியின் குஞ்சு அது. உடம்பு ஐந்து மி.மீ. இருந்தால் அதிகம். வாலில் விசிறி மாதிரி மெழுகு இழைகள். தொட்டால் துள்ளிப் போய்விடும்.

எடுத்த முதல் முப்பது படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. இத்தனை நெருக்கத்தில், எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூச்சு விட்டால் கண் போய்விடும், வால்தான் தெளியும். குவிய வளையத்தை முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருந்தேன்.

“என்னம்மா, கை ஆடுதா?”

“ஒரு மில்லிமீட்டர்ப்பா. அதுக்குள்ள பிடிக்கணும்.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பால் வெட்டுறதும் அதேதான். பட்டைய ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வெச்சுச் சீவணும். ஆழம் பத்தலன்னா பால் வராது. கூடுச்சுன்னா மரத்துக்குக் காயம், மண்டோர் கத்துவாரு. கைய வெச்சு அதைச் செய்ய முடியாது. முழங்கைய ஒடம்போட ஒட்டிக்க. ஒடம்பை நகத்து.”

வளையத்தை ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற இடத்தில் நிறுத்தினேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டினேன். இடுப்பிலிருந்து உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து, கண் தெளியும் நொடியில் அழுத்தினேன். அனுபவசாலிகள் எல்லாரும் சொல்லும் முறை இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பால்வெட்டுக்காரர்.

அன்றிரவு எடுத்தவை 212 படங்கள். தேறியவை ஒன்பது.

எதை வாங்கினேன்?

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். என் கேமரா உடலில் அதிர்வுத் தடுப்பு கிடையாது. சிக்மா 105 மி.மீ. மேக்ரோ தரமானது, ஆனால் அதிலும் அதிர்வுத் தடுப்பு இல்லை. சோனி 90இல் உண்டு. இரவில் ஃபிளாஷின் மின்னல் வேகமே ஆட்டத்தை உறைய வைத்துவிடும் என்பதால் பெரிய வித்தியாசமில்லை. பகலில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கத்தான் தேவை. லாவோவா 65 மி.மீ. இரண்டு மடங்கு பெரிதாக்கும், எடையும் 335 கிராம்தான். ஆனால் எல்லாமே கையால் திருப்ப வேண்டியது. அதே லென்ஸில் அப்பா, அம்மாவையும் ஓடும் பிள்ளைகளையும் எடுக்க நினைக்கும் எனக்கு ஒத்துவராது.

இரண்டு மடங்கு எனக்குத் தேவையா என்றும் பார்த்தேன். என் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ.; அதில் 6,000 பிக்சல். ஐந்து மி.மீ. குஞ்சு 1,270 பிக்சலுக்கு மேல் வருகிறது. வீட்டுத் தொலைக்காட்சியின் அகலம் 1,920 பிக்சல். அதாவது திரையில் மூன்றில் இரண்டு பங்கை, கலங்காமல், அந்தக் குஞ்சு ஒன்றே நிறைக்கும். அப்பாவுக்கு அது போதும்.

சோனி 90ஐப் பழையதாக, ஒருவர் பயன்படுத்திய லென்ஸாக வாங்கினேன். 602 கிராம் எடை தோளுக்குத் தெரியத்தான் செய்கிறது.

வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். நிக்கான் இஸட் வரிசையில் 50, 105 மேக்ரோக்கள் உண்டு. ஓடும் உயிர்களுக்கு 105. ஃபியூஜிபிலிமில் 30, 80, அங்கே 80. கேனான் ஆர்எஃப் 100 மி.மீ. 1.4 மடங்கு வரை போகும். ஒலிம்பஸ் 60 மி.மீ. வெறும் 185 கிராம், நடப்பவர்களுக்கு வரம். பெயரில் ‘மேக்ரோ’ இருந்தாலே ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று நம்பிவிடாதீர்கள். கேனான் ஆர்எஃப் 35 மி.மீ. மேக்ரோ பாதி அளவுக்குத்தான் போகும். கையில் காசு குறைவு என்றால், இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் நீட்டிப்பு வளையத்தையோ, லென்ஸ் முனையில் கவ்வும் ரேனாக்ஸ் கண்ணாடியையோ வைத்துத் தொடங்கலாம். ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும், எடுக்கப் போகும் இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே இருப்பவை எவ்வளவு தூரம் நம்மைச் சகித்துக்கொள்ளும் என்று பாருங்கள். இலையைப் பிய்க்காமல், பூச்சியை இடம் மாற்றாமல்.

திரையில்

ஞாயிறு இரவு அந்த ஒன்பது படங்களையும் தொலைக்காட்சியில் போட்டேன். அப்பா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். தலையைத் திருப்பினார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் என்று தன் கண்ணுக்கு ஏற்ற கோணத்தைத் தேடினார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றார்.

“கால் ஆறும் இருக்கு” என்றார் அப்பா. விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். “கண்ணு செவப்பா?”

“ஆமாம்ப்பா, செவப்பு.”

“தெரியுது.”

அம்மா சங்கிலியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

படுக்கப் போகும்போது அப்பா கேட்டார்: “நம்ம பழைய தோட்டத்துப் பக்கம் பால்மரம் ஏதாச்சும் மிஞ்சியிருக்குமா?” தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிப் பல வருடமாயிற்று. ஆனால் கோயிலுக்குப் பின்னால் நாலைந்து கிழட்டு மரங்கள் நிற்கின்றன என்று மாமா சொல்லியிருந்தார். பட்டையில் பழைய வெட்டுத் தழும்பு இன்னும் இருக்குமாம். அதைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா.

வரும் சனிக்கிழமை போகிறோம். தோழியின் 30 மி.மீ. லென்ஸை மறுபடியும் இரவல் கேட்டிருக்கிறேன். மரம் எங்கேயும் ஓடாது. எவ்வளவு கிட்டப் போனாலும் நிற்கும்.